உப்பெல்லாம் பொன்னான நாடு

மகள்கள் மூவரையும் அழைத்து, தன்மேல் யாருக்கு எவ்வளவு பாசம் என்று கேட்கிறார் ராஜா. பொன்னைப் போல நேசிக்கிறேன் என்கிறாள் மூத்தவள். தலையில் சூடும் பசுந்தழை மாலையைப் போல என்கிறாள் அடுத்தவள். கடைக்குட்டி மாருஷ்கா மட்டும், "உப்பைப் போல" என்கிறாள். ராஜாவுக்கு வந்ததே கோபம்! பொன்னைவிட உப்பு உசத்தியாகும் காலம் வந்தால் திரும்பி வா என்று சொல்லி, பெற்ற மகளை அரண்மனையை விட்டே துரத்திவிடுகிறார்.

ஸ்லோவாக்கியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. லூத்தரன் பாதிரியாரான பாவோல் தோப்ஷின்ஸ்கி 19-ம் நூற்றாண்டில் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் இதுவும் ஒன்று. இயக்குநர் மார்ட்டின் ஹோலி 1982-ல் இதைப் படமாக்கினார். மேற்கு ஜெர்மனியுடன் சேர்ந்த கூட்டுத் தயாரிப்பு அது. அதற்கு முன்பே, 1954-ல், செக் இயக்குநர் போர்ஷிவோய் ஸெமன் இதே கதையை யான் வெரிஹ் என்ற பெரிய நகைச்சுவை நடிகரை ராஜாவாக வைத்து எடுத்திருந்தார். ஹோலி அந்த வழியில் போகவில்லை. ‘சிக்னும் லவ்டிஸ்’ என்ற முதல் உலகப் போர்க்களப் படத்தை அப்போதுதான் முடித்திருந்தவர், தேவதைக் கதையிலும் சிரிப்பைவிடத் தண்டனையின் கனத்தைத்தான் முதலில் பார்த்தார்.

மூலக் கதையின் உயிர் சமையலறையில் இருக்கிறது. ஒருநாள் நாட்டிலிருக்கும் உப்பெல்லாம் கரைந்து போகிறது. அரண்மனைச் சமையல்காரர்கள் எதை ஆக்கினாலும் வாயில் வைக்க முடியவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்களே, அந்தக் கதிதான். வேறு வழியில்லாமல் இனிப்பையே சமைக்கிறார்கள். வேளைக்கு வேளை இனிப்பு என்றால் எத்தனை நாள் இறங்கும்? விருந்தாளிகள் வருவதை நிறுத்துகிறார்கள். ஆட்கள் சோர்ந்து விழுகிறார்கள், மாடுகளின் பால் வற்றுகிறது. படிக்கும்போதே நாக்கு செத்துப்போன உணர்வு வந்துவிடும்.

ஆனால் சினிமாவுக்கு நாக்கு கிடையாது. இல்லாத ருசியைத் திரையில் எப்படிக் காட்டுவது? ஹோலியின் படம் இதற்குக் கண்ட வழி அற்புதமானது. பாதாள உலகின் அதிபதிதான் உப்புக்குச் சொந்தக்காரர். தன் செல்வத்தை ஒரு ராஜா இழிவாகப் பேசியதைப் பொறுக்காத அவர், அந்த நாட்டின் உப்பு முழுவதையும் பொன்னாக மாற்றிவிடுகிறார். உப்பு இல்லாததைக் காட்ட முடியாது, பொன் குவிந்து கிடப்பதைக் காட்டலாமே! இழப்பு வரம்போலப் பளபளத்துக்கொண்டு வருகிறது. ராஜா எதை உசத்தி என்று நம்பினாரோ, அதையே அள்ளிக் கொடுத்துத் தண்டிக்கிறார்கள். மூலக் கதையைவிட இது கூர்மையான கற்பனை என்று தயங்காமல் சொல்வேன்.

உப்பின் மேல் இவ்வளவு மரியாதை வைத்த கதை அந்த மண்ணில் நிலைத்ததற்கு, அங்கே உப்பு கிடைத்த விதமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். ஸ்லோவாக்கியாவுக்குக் கடல் கிடையாது. கிழக்கே பிரெஷோவ் நகரின் பகுதியாகிவிட்ட சோலிவாரில், பூமிக்கடியில் உப்புப் பாறையை வெட்டியெடுத்தார்கள். 1752-ல் அங்குள்ள லியோபோல்ட் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. அதன்பிறகு பாறைக்குப் பதில் உப்பு நீரைத்தான் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. குதிரைகள் வட்டமாகச் சுற்றி நடந்து பெரிய மரச் சக்கரத்தை இழுக்கும், மாட்டுத்தோல் பைகளில் உப்பு நீர் ஏறி வரும். நம்மூர்க் கவலை ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று விளங்கும். அந்த நீரைப் பெரிய தட்டுகளில் ஊற்றி, அடியில் விறகெரித்துச் சுண்டக் காய்ச்சினால்தான் உப்பு. அந்தச் சுரங்கக் கட்டடங்கள் இன்று அருங்காட்சியகமாக நிற்கின்றன. ஒரு பிடி உப்புக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருந்தது.

மாருஷ்காவாக நடித்தவர் லிபுஷே ஷாஃப்ரான்கோவா. 1973-ல் வந்த ‘சிண்டரெல்லாவுக்கு மூன்று கொட்டைகள்’ படத்தில் குதிரையேறி, வில்லேந்தி, இளவரசனையே திணறடித்த சிண்டரெல்லா இவர்தான். செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் நார்வேயிலும் அந்தப் படத்தைப் பார்க்காமல் பலருக்குக் கிறிஸ்துமஸ் நிறைவதில்லை. அந்தப் படத்தில் அவருக்கு உதவ மாயக் கொட்டைகள் இருந்தன. இங்கே தானே பாதாளத்துக்கு இறங்கிப் போக வேண்டும்.

ஏனென்றால் படம் ஒரு காதலனைச் சேர்த்திருக்கிறது. அவன் பாதாள அதிபதியின் மகன் மரியான்; நடித்திருப்பவர் ஹங்கேரிய நடிகர் காபோர் நாஜ். அப்பா மகள் கதைக்குள் காதல் எதற்கு என்று முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. காதல் காட்சிகள், கரோல் மஹாட்டா நடித்த ராஜாவின் மனமாற்றத்துக்கு இருந்திருக்க வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன என்ற குறை இன்னும் உண்டு. ஆனால் அந்தப் பாதாள அதிபதி, கோபத்தில் தன் சொந்த மகனையே உப்புச் சிலையாக்கி நிறுத்துகிறார். மேலே ஒரு தகப்பன் மகளைத் துரத்துகிறார், கீழே இன்னொரு தகப்பன் மகனை உறைய வைக்கிறார். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனும் இதே கேள்வியை மகள்களிடம் கேட்டவர்தான். அவருடைய கார்டீலியாவுக்கு உயிர் போகிறது. மாருஷ்கா இரண்டு தகப்பன்களின் கோபத்தையும் தாண்டி, தன் பதிலில் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளாமல் பிழைத்து வருகிறாள்.