களத்தில் யாருக்கு இடம்?

துவாக்குடி என்.ஐ.டி. விடுதி அறையிலோ ஸ்ரீரங்கம் சித்திரை வீதி வீட்டு மாடியிலோ நான்கு பேர் கன்ட்ரோலரோடு உட்கார்ந்துவிட்டால், திரையில் நடக்கும் சண்டையைவிட வெளியே நடக்கும் சண்டை சூடாக இருக்கும். "இவனையெல்லாம் எதுக்குடா சேர்த்தான்? அவனை ஏன் தூக்கினான்?" வெவ்வேறு விளையாட்டுகளின், கதைகளின் நாயகர்களை ஒரே களத்தில் மோதவிடும் 'கிராஸ்ஓவர்' சண்டை விளையாட்டுகளுக்கு இந்த வாக்குவாதம் கூடவே பிறந்தது. கொலுவுக்குத் தசாவதார செட் வாங்கும் வீடுகளுக்கும் இது புரியும். பத்து இடம் என்பது மாறாது. அதில் பலராமர் நிற்பாரா புத்தர் நிற்பாரா என்பது பொம்மை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் வீடியோ கேம் பார்லரில் நின்றவர்களுக்கு 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97' நினைவிருக்கும். அந்தத் தொடரே ஒரு கிராஸ்ஓவர்தான். ஜப்பானின் எஸ்.என்.கே. நிறுவனம் 'ஃபேட்டல் ஃப்யூரி', 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' முதலிய தன் பழைய விளையாட்டுகளின் ஆட்களைத் திரட்டி 1994இல் தொடங்கியது. எட்டு அணி, அணிக்கு மூவர், ஆக 24 பேர். அணிக் கணக்கு இருப்பதால் ஒருவரை மட்டும் சேர்ப்பதோ நீக்குவதோ எளிதல்ல. 1995இல் அமெரிக்க விளையாட்டு வீரர்கள் அணி மூன்று பேரோடு மொத்தமாகக் கழற்றிவிடப்பட்டது. அந்த இடத்துக்கு வந்த அணியில் இருந்தவன்தான் பின்னாளில் ரசிகர்களின் செல்லமான இயோரி யகாமி. போனவர்களுக்காக அழுதவர்கள் குறைவு என்பதற்கு அவனும் ஒரு காரணம். 1997இல் மூன்று ஜப்பானியப் பத்திரிகைகளின் வாசகர் வாக்கெடுப்பில் தேர்வானவர்களைக் கொண்டு யமசாகி, ப்ளூ மேரி, பில்லி கேன் அணியை அமைத்தார்கள்.

வாக்கெடுப்பு நல்ல விளம்பரம். ஆனால் விளையாட்டை உருவாக்குபவரின் மேசையில் முதல் கேள்வி வேறு: இந்த ஆள் வந்தால் வேலை எவ்வளவு? உருவம், ஒவ்வொரு அடிக்கும் அசைவு, குரல், எந்த நொடித்துளியில் எந்த இடத்தில் அடி படும் என்ற கணக்கு, இவை முதல் தவணைதான். பிறகு ஏற்கெனவே உள்ள ஒவ்வொருவரோடும் மோதவிட்டுப் பார்க்க வேண்டும். 12 பேர் இருந்தால் 66 ஜோடிகள். 89 பேர் இருந்தால் 3,916. புதிதாக வரும் ஒருவர் 89 புதிய சிக்கல்களோடு வருகிறார்.

இந்த 89 நான் கற்பனையாகச் சொன்ன எண் அல்ல. நிண்டெண்டோவின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' 2021இல் எட்டிய தொகை அது. தொடரின் தந்தை மசாஹிரோ சகுராய். ஆரம்பத்தில் அவர் செய்து பார்த்த மாதிரியில் நிண்டெண்டோ நாயகர்கள் யாருமே இல்லை. முகமற்ற உருவங்கள் அடித்துக்கொண்டன. நிரல் எழுதியவர் பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவரான சடோரு இவாடா. வீட்டில் விளையாடுபவருக்கு யார் நாயகன் என்று பார்த்த உடனே புரிய வேண்டும் என்று சகுராய்க்குத் தோன்றியது. மேலிடத்தில் அனுமதி கேட்காமலே மரியோ, டாங்கி காங், சாமஸ், ஃபாக்ஸ் நால்வரையும் மாதிரியில் போட்டுக் காட்டினார். முதல் ஸ்மாஷ் 1999இல் 12 பேரோடு வெளிவந்தது. கேட்டுவிட்டுச் செய்திருந்தால் இந்தத் தொடரே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

நீக்கப்படுவோரைப் பற்றி ரசிகர்கள் பெரிய சதிகள் சொல்வார்கள். நிஜக் காரணம் பல நேரம் சப்பென்று இருக்கும். 'ஐஸ் கிளைம்பர்ஸ்' என்பது இருவர் சேர்ந்து ஒரே ஆளாக ஆடும் ஜோடி. 2014இல் ஸ்மாஷ் இரண்டு கருவிகளுக்கு ஒரே சமயத்தில் தயாரானது. வீ யூ தாங்கியது, கைக்கடக்கமான 3டி.எஸ். தாங்கவில்லை. நான்கு பேர் அந்த ஜோடியையே எடுத்தால் களத்தில் எட்டு உருவம் ஓடும். இரண்டு கருவியிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்ததால் ஜோடி போயிற்று. நான்கு ஆண்டு கழித்து, கருவி மாறியதும் திரும்பி வந்தது. சேர்ப்பதிலும் இதே கதை உண்டு. 2020இல் 'மைன்கிராஃப்ட்' ஸ்டீவ் வந்தபோது, அவன் கட்டை அடுக்குவதற்காகப் பழைய களங்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. எதிர்முனையில், டெய்சி போன்ற 'எக்கோ' ஆட்கள் இருக்கிறார்கள்: இளவரசி பீச்சின் அசைவுகளையே எடுத்துச் சட்டை மாற்றிய மலிவுப் பதிப்பு. ஒரு புது ஆளுக்கான இடத்தை இவர்கள் தின்றுவிட்டார்கள் என்று திட்டுவதில் நியாயமில்லை. அந்த உழைப்பில் புது ஆள் யாரும் வந்திருக்க முடியாது.

அடுத்த பூட்டு, உரிமை. ஸ்மாஷில் யாரைச் சேர்க்கலாம் என்று 2015இல் நிண்டெண்டோ நடத்திய வாக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. நடைமுறைக்கு ஒத்துவரக்கூடியவர்களில் முன்னணி என்று பயோனெட்டாவைச் சேர்த்தார்கள். உண்மையில் முதலிடம் பெற்றவன் 'கிங்டம் ஹார்ட்ஸ்' சோரா என்பது 2021இல்தான் வெளியே வந்தது. அவனைக் கொண்டுவர டிஸ்னியும் ஸ்கொயர் எனிக்ஸும் சம்மதிக்க வேண்டியிருந்தது.

உரிமைச் சிக்கலின் உச்சம் 2017இல் வந்த 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் இன்ஃபினிட்'. எக்ஸ்-மென் விளையாட்டிலிருந்து முளைத்த தொடர் அது. ஆனால் அதில் எக்ஸ்-மென் ஒருவர்கூட இல்லை. அவர்களைப் படமெடுக்கும் உரிமை அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்ததை ரசிகர்கள் சுட்டிக்காட்டினார்கள். விளையாட்டை உருவாக்கிய கேப்காம் தரப்பில் வந்த விளக்கமோ வேறு மாதிரி: கதாபாத்திரம் என்பது யோசித்துப் பார்த்தால் செயல்பாடுகளின் தொகுப்புதான், காற்றில் எட்டுத் திசையிலும் பாயும் எக்ஸ்-மென் கதைகளின் மேக்னீட்டோ இல்லாவிட்டால் அப்படிப் பாயும் வேறொருவர் இருக்கிறார். இணையம் சிரித்துத் தீர்த்தது. பொறியாளராகப் பார்த்தால் அந்த வாதம் முழுக்கச் சரி. வாங்குபவராகப் பார்த்தால் அபத்தம். ஆளைத் தேர்வு செய்பவருக்கு இரண்டும் தேவை: இவருக்கு மட்டுமே வரும் ஒரு வித்தை, பார்த்தவுடன் அடையாளம் தெரியும் ஒரு முகம்.

இந்தியாவுக்குக் கிடைத்த முகம் தால்சிம். 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் வந்த யோகி. கழுத்தில் மண்டையோடு, வாயில் நெருப்பு, பின்னணியில் யானைகள். நம்மைப் பற்றிய வெளியூர்க் கற்பனை அத்தனையும் ஒரே உடம்பில். ஆனாலும் 1996இன் 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்', 2012இன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' என்று கிராஸ்ஓவர்களில் அவர் இடம் பிடித்ததற்குக் காரணம் நம் நாட்டின் மேல் அன்பு அல்ல. நீளும் கைகால்களால் திரையின் பாதி தூரத்திலிருந்து குத்தும் ஆட்டமுறை அவருக்கே உரியது. நீக்கினால் ஒரு ஆட்டமுறையே காணாமல் போகும்.

சரி, நம் பக்கத்திலிருந்து சிலம்பக்காரர் ஒருவரை அனுப்பினால்? கம்பு, சுருள்வாள், மான் கொம்பு மூன்றும் கையில் இருக்கட்டும் என்று ஆசைப்படுவோம். ஆயுதத்துக்கு ஒரு அசைவுத் தொகுப்பு என்றால் செலவு மூன்று மடங்கு. முதல் கூட்டத்திலேயே இரண்டு போய்விடும். கம்பு வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே பலர்: மேலே சொன்ன பில்லி கேன், 'சோல் காலிபர்' கிலிக். வளையும் வாளுக்கு அதே 'சோல் காலிபர்' தொடரில் ஐவி இருக்கிறாள். மிஞ்சுவது மான் கொம்பு. இரு முனையும் குத்தும், மிக நெருங்கித்தான் வேலை செய்யும், அதனால் சிலம்பத்தின் காலடி வரிசைகளே ஆட்டத்தின் உயிராகும்: கோணம் மாற்றி நுழைவது, தட்டிவிட்டு விலகுவது. சுழலும் கம்பு படத்துக்கு அழகுதான். ஆனால் பட்டியலில் இடம் வாங்கித் தரக்கூடியது கொம்பு.

திருச்சிப் பக்கம் விளையாட்டு உருவாக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு சிலம்ப வாத்தியாரைப் பார்த்துக் காலடி வரிசையைப் படம் பிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். முகமும் உடையும் பிறகு வரையலாம்.