மெய் ஒன்று, தீர்ப்பு இறைவனுக்கே

புதுக்கோட்டை மாவட்டம் பல சமயங்களின் சுவடுகளைத் தாங்கி நிற்கும் மண். சித்தன்னவாசல் குன்றில் சமணத் துறவியர் தவமிருந்த கற்படுக்கைகளை இன்றும் காணலாம். ஆவூரில் பழம்பெரும் கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது. திருமயத்தில் ஒரே மலைச்சரிவில் சிவனுக்கும் திருமாலுக்கும் குடைவரைக் கோயில்கள் அருகருகே அமைந்துள்ளன. அங்கிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் காட்டுபாவா பள்ளிவாசல் இருக்கிறது. அங்கு ரபீஉல் ஆகிர் மாதத்தில் நடைபெறும் உரூஸுக்கு முஸ்லிம்களோடு இந்துக்களும் திரளாக வருகின்றனர். கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம் ஆகிய ஊர்களில் பாங்கொலி கேட்டுப் பொழுது விடிகிறது.

இத்தகைய மண்ணில் வளரும் பிள்ளையின் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் வேறு சமயத்தவன், நல்லவன், உயிர்த்தோழன். ஒருநாள் அப்பிள்ளை உங்களிடம் வந்து, “அத்தா, நம் மார்க்கம் மட்டும்தான் உண்மையா? அப்படியானால் அவன் கதி என்ன?” என்று கேட்டால், நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்?

அதட்டி அனுப்பிவிடுவது விடையாகாது. “எல்லாம் ஒன்றுதான், போ” என்று சொல்லித் தட்டிக் கழிப்பதும் விடையாகாது.

எல்லாம் ஒன்றா?

எல்லாச் சமயங்களும் ஒன்றே என்னும் சொல் செவிக்கு இனியது, சிந்தனைக்கு நிற்பதன்று. ஈஸா நபி (அலை) அவர்களை இறைவனின் திருத்தூதர் என்று நாம் நம்புகிறோம். கிறிஸ்தவர்களோ அவர்களை இறைமகன் என்று நம்புகின்றனர். இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருத்தல் இயலாது. மறுபிறவி உண்டு என்பதும், ஒரே வாழ்வு, அதன்பின் மறுமை என்பதும் ஒன்றாகிவிட மாட்டா. எல்லாம் ஒன்றே என்பவர் உண்மையில் எவர் கூற்றையும் செவிமடுப்பதில்லை. தம் சமயத்தில் பற்றுள்ள கிறிஸ்தவரோ இந்துவோ கூட அதை ஒப்பமாட்டார்.

இஸ்லாமும் தன் நிலையை மறைப்பதில்லை. அல்லாஹ்விடத்தில் ஏற்புடைய மார்க்கம் இஸ்லாமே என்பதை ஆலஇம்றான் அத்தியாயத்தின் 19, 85 ஆகிய வசனங்கள் தெளிவாக எடுத்துரைக்கின்றன. ஆகவே, மெய் ஒன்றே என்பதில் ஒரு முஸ்லிமுக்கு ஐயமில்லை. பிள்ளையிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால், இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். மெய் நம்மிடம் இருக்கிறது என்பது வேறு. தீர்ப்பு நம்மிடம் இருக்கிறது என்பது வேறு.

திருமெய்யம் கூறும் பாடம்

திருமயத்தின் பழம்பெயர் திருமெய்யம் என்பதாகும். மெய் என்னும் சொல்லே ஊரின் பெயராயிற்று. அங்குள்ள மலைக்கு சத்தியகிரி என்று பெயர். சிவன் கோயில் சத்தியகிரீசுவரர் கோயில். திருமால் கோயில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில். இவ்வாறு இரண்டின் பெயரிலும் சத்தியம் அமைந்திருக்க, இரு கோயில்களுக்கும் இடையே வழக்கு மூண்டது. 1245-ஆம் ஆண்டில் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னின்று அவ்வழக்கைத் தீர்த்து வைத்தார் என்பதை அங்குள்ள கல்வெட்டால் அறிகிறோம்.

அன்பர்களே! ஒரு தளபதியால் கோயில்களுக்கிடையே எழுந்த வழக்கைத் தீர்க்க முடிந்தது. எவர் கொள்கை மெய் என்னும் வழக்கைத் தீர்க்கும் மன்றம் இம்மண்ணுலகில் உண்டோ? இல்லை. அம்மன்றம் மறுமையில் இருக்கிறது. நம்பிக்கையாளர்கள், யூதர்கள், ஸாபியீன்கள், கிறிஸ்தவர்கள், மஜூஸிகள், இணைவைப்போர் ஆகிய அனைவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களிடையே கியாமத் நாளில் அல்லாஹ்வே தீர்ப்பளிப்பான் என்று அல்ஹஜ் அத்தியாயத்தின் 17-ஆம் வசனம் உணர்த்துகிறது. தீர்ப்புக்கு உட்பட்டோர் வரிசையில் நம்பிக்கையாளர்களும் இருக்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். நாமும் அங்கே வழக்காளிகளே, நீதிபதிகள் அல்லர்.

அல்லாஹ் நாடியிருந்தால் மாந்தர் அனைவரையும் ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான் என்றும், அவ்வாறு ஆக்காதது சோதனைக்காகவே என்றும், ஆகவே நன்மைகளில் ஒருவரையொருவர் முந்திக்கொள்ள வேண்டும் என்றும் அல்மாயிதா அத்தியாயத்தின் 48-ஆம் வசனம் விளக்குகிறது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பதை அல்பகரா 256-ஆம் வசனம் அறிவிக்கிறது. பிறர் வணங்குவனவற்றை ஏசுதல் கூடாது என்று அல்அன்ஆம் 108-ஆம் வசனம் தடுக்கிறது.

இமாம் கஸ்ஸாலி தந்த விளக்கம்

இனி, பிள்ளையின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். “அவன் கதி என்ன?” தூதரை அனுப்பாத வரையில் எவரையும் தண்டிப்பதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி. இதனை பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 15-ஆம் வசனத்தில் காண்கிறோம்.

இந்த அடிப்படையில், ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’ என்னும் நூலில் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இப்பொருளை ஆராய்ந்துள்ளார்கள். 1058 முதல் 1111 வரை வாழ்ந்த அப்பேரறிஞர், தம் காலத்து ரோம நாட்டுக் கிறிஸ்தவர்களையும் தொலைதூரத் துருக்கியரையும் எடுத்துக்காட்டி, பிற சமயத்தவரை மூன்று வகையினராகப் பிரிக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரையே கேட்டறியாதோர் முதல் வகையினர். அவர்கள் மன்னிப்புக்கு உரியவர்கள். நபிகளாரின் உண்மைக் குணநலன்களையும் சான்றுகளையும் அறிந்திருந்தும் மறுத்தோர் இரண்டாம் வகையினர்; அவர்கள் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. பெயரை மட்டும் கேட்டு, உண்மையான தன்மையை அறியாமல், இளமை முதல் திரித்துக் கூறப்பட்டதையே கேட்டு வளர்ந்தோர் மூன்றாம் வகையினர். இவர்களும் முதல் வகையினரைப் போன்றவர்களே என்பது இமாம் அவர்களின் முடிவு.

எவ்வளவு நுட்பமான நீதி! செய்தி செவியில் விழுந்தது மட்டும் போதாது. அது உள்ளவாறு சென்று சேர்ந்ததா என்பதே கேள்வி.

கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது

வாசக அன்பர்களே! இங்கேதான் நாம் நடுங்க வேண்டியிருக்கிறது. நம் அண்டை வீட்டாருக்கு இஸ்லாத்தை அறிவிப்பது எது? அவர் திருமறையை ஓதியவர் அல்லர். ஹதீஸ் நூல்களைப் புரட்டியவரும் அல்லர். நம் கடைத் தராசை அவர் பார்க்கிறார். வாங்கிய கடனைச் சொன்ன நாளில் திருப்பித் தருகிறோமா என்று பார்க்கிறார். வேலையாளுக்கு வியர்வை உலருமுன் கூலி கொடுக்கிறோமா என்று பார்க்கிறார். கைப்பேசியில் வந்து விழும் அவதூறு ஒருபுறமும், நம் நடத்தை மறுபுறமும் அவர் முன்னே நிற்கின்றன. நம் நடத்தையும் அந்த அவதூறை மெய்ப்பிப்பதாக இருந்தால், மார்க்கம் திரிந்த வடிவில்தான் அவரைச் சென்றடைகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் விளக்கப்படி அவருக்கு மன்னிப்பு உண்டு. திரித்துக் காட்டிய நமக்கு?

ஸஹாபாக்கள் இதை உணர்ந்திருந்தனர். காதிசிய்யாவில் ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி), கைஸ் இப்னு ஸஅத் (ரலி) இருவரும் அமர்ந்திருந்தபோது ஒரு ஜனாஸா கடந்து சென்றது. இருவரும் எழுந்து நின்றனர். அது முஸ்லிம் அல்லாத அவ்வூராரின் ஜனாஸா என்று அருகிலிருந்தோர் கூறினர். அதற்கு அவ்விருவரும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு யூதரின் ஜனாஸாவுக்காக எழுந்து நின்றதையும், அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது அதுவும் ஓர் உயிரன்றோ என்று நபிகளார் வினவியதையும் எடுத்துக் கூறினர். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. கொள்கையில் நபிகளார் சிறிதும் நெகிழவில்லை. ஆயினும், வேறு கொள்கையுடன் மறைந்த ஒருவரின் உடல் கடந்து சென்றபோது அவர்கள் அமர்ந்திருக்கவில்லை.

ஆகவே, பிள்ளை கேட்கும்போது இவ்வாறு விடை கூறுங்கள்: “மகனே, நம் மார்க்கம் மெய் என்று நாம் உறுதியாக நம்புகிறோம். உன் தோழனின் கதியை உன் தோழனைப் படைத்தவன் அறிவான். அவன் எவருக்கும் அணுவளவும் அநீதி செய்யமாட்டான். உன்னிடம் கேட்கப்படுவது உன்னைப் பற்றித்தான். உன்னைப் பார்த்து உன் தோழன் இஸ்லாத்தைப் பற்றி என்ன நினைத்தான் என்பதும் அதில் அடங்கும்.”

இந்த விடையைக் கேட்டு வளரும் பிள்ளையின் ஈமானும் உறுதியாகும், தோழமையும் கெடாது. இன்று ஜும்ஆ தொழுது வீடு திரும்பியதும், பிள்ளைகளை அருகில் அமர்த்தி இதைப் பேசுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை மெய்யில் நிலைபெறச் செய்து, நம் நடத்தையை அம்மெய்க்குச் சான்றாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.