மைதாப் பசையும் வெண்டைக்காய் அச்சும்

எந்த வயதுக் குழந்தைக்கு எந்தக் கைவேலை பொருந்தும் என்பதை அதன் கை வளர்ந்திருக்கும் விதமே தீர்மானிக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தை கிரேயானை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்கும். மூன்று வயதை ஒட்டி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற வட்டம் அதற்குக் கைவருகிறது. பென்சிலை மூன்று விரல்களால் பிடிக்கும் பழக்கம் பெரும்பாலும் நான்கு வயதுக்கு மேல்தான் படிகிறது. அந்த வயதில் அது வரையும் அப்பாவுக்குத் தலை உண்டு, தலையிலிருந்து நேரே இறங்கும் இரண்டு கால்கள் உண்டு, உடம்பு மட்டும் இருக்காது. இதைப் பிழை என்று திருத்த வேண்டியதில்லை. எத்தனையோ நாட்டுக் குழந்தைகள் அப்படித்தான் வரைகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் மழலைப் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் லட்சக்கணக்கான குழந்தை ஓவியங்களைச் சேகரித்துப் பார்த்து, எல்லாக் கிறுக்கல்களுக்கும் அடியில் 20 அடிப்படைக் கோடுகள் இருப்பதாக வகுத்தார். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வெளியிட்ட நூலில் இரண்டு முதல் நான்கு வயது வரையிலான காலத்தைக் கிறுக்கும் பருவம் என்றே பிரித்தார். அச்சிட்ட படத்துக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டச் சொல்லும் புத்தகங்களை அவர் கடுமையாக எதிர்த்தவர்.

கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் ஃப்ரெட்ரிக் ஃப்ரோபல். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் அவர் தொடங்கிய பள்ளிதான் பின்னர் கிண்டர்கார்டன் என்று பெயர் பெற்றது. காகிதம் மடிப்பது, பட்டைகளைப் பின்னுவது, களிமண் பிசைவது ஆகியவை அங்கே பாடமாகவே இருந்தன. ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகி வீடும் நாற்காலியும் கட்டுவதும் அவற்றில் ஒன்று. இன்றும் எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம். இரவே ஊறப்போட்ட பட்டாணி அல்லது கொண்டைக்கடலை, துண்டு துண்டாக நறுக்கிய ஈர்க்குச்சி, இவ்வளவுதான் தேவை. பட்டாணி காயக் காயச் சுருங்கிக் குச்சியைக் கவ்விக்கொள்வதால், முதல் நாள் ஆடிய வீடு மறுநாள் உறுதியாக நிற்கும். ஆனால் இது நான்கு, ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான வேலை. அதற்கும் சிறிய பிள்ளையின் கையில் பட்டாணி கிடைத்தால் அது போகும் இடம் வாய் அல்லது மூக்கு.

இரண்டு வயதில் தொடங்க ஏற்றது காகிதம் கிழிப்பது. பெரியவர்களுக்கு இது குறும்பாகத் தெரியும். உண்மையில் இரு கைகளும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் வேலை செய்யப் பழகும் முதல் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. கத்தரிக்கோலுக்கு முந்தைய படியும் இதுதான். செய்தித்தாளை ஒரு வாக்கில் கிழித்தால் நேர்ப்பட்டையாக வரும். மறு வாக்கில் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் தாள் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுவதே காரணம். குழந்தை இதைத் தானே கண்டுபிடிக்கட்டும். கிழித்த துண்டுகளைக் கொண்டு ஒட்டுப்படம் செய்யத் தினசரி காலண்டர் தாளும், பழைய கல்யாணப் பத்திரிகையும், மளிகைக் கடைப் பையும் போதும். கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை அடித்தளத்துக்கு மிக நன்றாக உதவும்.

ஒட்டுவதற்குப் பசையையும் வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம். ஒரு மேசைக்கரண்டி மைதாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு, மெல்லிய தீயில் கிளறினால் கஞ்சி பதம் வந்ததும் பளபளக்கும். அதுதான் பசை. மாவிலுள்ள மாச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சி உப்புவதால் ஒட்டும் தன்மை வருகிறது. சுவரொட்டி ஒட்டுபவர்களும் புத்தகம் பைண்டிங் செய்பவர்களும் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகளுக்கான பசையில் சேர்க்கவே கூடாது. துத்தம் இல்லாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும் என்பதால் அவ்வப்போது கொஞ்சமாகக் காய்ச்சுவதே சரி. குழந்தை விரலால் தொட்டுத் தடவட்டும், பிரஷ் வேண்டாம். எவ்வளவு தடவினால் ஒட்டும், எவ்வளவு தடவினால் தாள் ஊறிக் கிழியும் என்பது விரலுக்குத்தான் தெரிய வேண்டும்.

மடிப்பு வேலைக்கு நான்கு வயதாவது ஆக வேண்டும். ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பிடித்து மடிப்பை நகத்தால் அழுத்துவது சின்ன விரல்களுக்கு லேசான காரியமில்லை. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, இரண்டு முனைகளையும் கீழே மடித்துவிட்டால் நாய்முகம் ஆகிவிடும். கண்ணும் மூக்கும் வரைந்தால் முடிந்தது. தொடக்கத்துக்கு இதைவிட எளியது இல்லை. அடுத்ததாகச் செய்தித்தாள் தொப்பி. தாள் பெரிதாக இருப்பதால் மடிப்புகளும் பெரிதாக விழும், தவறினாலும் திருத்திக்கொள்ளலாம். கப்பலுக்கு ஆறு வயதாகலாம். கத்திக்கப்பல் இன்னும் கடினம், அதைப் பெரும்பாலான பெரியவர்களே மறந்திருப்பார்கள். ஐந்து வயதுக்காரர்கள் பின்னலில் இறங்கலாம். வண்ணத்தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு என ஓரம் வரை போகாமல் வெட்டி விரித்தால் பாவு தயார். வேறு நிறப் பட்டைகளை ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என நுழைத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது பட்டை முதல் பட்டைக்கு மாறாகப் போக வேண்டும் என்ற இடத்தில்தான் குழந்தை தடுமாறும். அங்கே கையைப் பிடித்துச் செய்து கொடுக்காமல் கொஞ்சம் காத்திருந்தால், தானாகவே பிடிபடும். பத்தமடைப் பாயோ ஓலைப் பெட்டியோ வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துவிடலாம்.

வண்ணம் என்றதும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1903-இல் எட்டு நிறங்களோடு ஐந்து சென்டுக்கு விற்பனைக்கு வந்த கிரயோலா பெட்டி குழந்தைகளின் கைக்கு மலிவாக நிறத்தைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் சமையலறையில் கிடைக்கும் நிறங்களுக்கு இன்னொரு குணம் உண்டு, அவை மாறும். மஞ்சள்தூளைக் கெட்டியாகக் கரைத்து வெள்ளைத் தாள் முழுக்கப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து வரைந்தால் கோடு சிவப்பாக எழும்பும். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும் இதே காரணத்தால்தான். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும் என்பதால் குழந்தைகளிடம் சோடா நீரையே கொடுக்க வேண்டும். நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நல்ல நீலம் கிடைக்கும். அதில் எலுமிச்சை விட்டால் ஊதாவாகும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். ஐந்து வயதுப் பிள்ளையை அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வைக்க இதற்கு இணை குறைவு. பீட்ரூட் சாறும் உதவும், ஆனால் அதன் நிறம் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும்.

அச்சு வேலைக்குக் காய்கறிக்கூடை. முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலைப் பூ. வழவழப்பைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் வண்ணத்தில் தொட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஒட்டாது. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் அதன் காற்றறைகள் வரிசை வரிசையான கட்டங்களாகப் பதியும். பாதி வெங்காயம் வளையங்கள் தரும். வண்ணத்தைத் தட்டில் ஊற்றி வைத்தால் குழந்தை காயையே அதில் முக்கிவிடும், பூவுக்குப் பதில் திட்டுதான் விழும். ஈரத்துணியை நான்காக மடித்துத் தட்டில் வைத்து, அதன் மேல் வண்ணத்தைத் தடவிவிட்டால் முத்திரை மை அட்டையாகிவிடும். வண்ணமே இல்லாமலும் அச்செடுக்கலாம். அரசு, பூவரசு போன்ற நரம்பு தடித்த இலையைக் கவிழ்த்து வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு நரம்பாக இலை மேலே வரும். வெள்ளைத்தாளில் மெழுகுவத்தியால் வரைந்து மேலே நீர்வண்ணம் பூசுவதும் இதே வகை வியப்பு. மெழுகு நீரை ஒட்டவிடாததால், கண்ணுக்குத் தெரியாமலிருந்த கோடு வெள்ளையாக வெளிப்படும்.

பிசையும் வேலைதான் எல்லா வயதுக்கும் பிடித்தது. அதற்கென்று உலகெங்கும் விற்கும் பிளே-டோ முதலில் விளையாட்டுப் பொருளே அல்ல. அமெரிக்க வீடுகளில் நிலக்கரி அடுப்புக் கரி படிந்த சுவர்த்தாளைத் துடைக்க விற்ற மாவு அது. மழலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்ததில் தொழிலே திசைமாறி, 1956-இல் பொம்மையாகக் கடைக்கு வந்தது. வீட்டில் செய்ய இரண்டு கப் மைதா, ஒரு கப் தூளுப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், முக்கால் கப் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, டப்பாவில் மூடி வைத்தால் சில நாட்கள் தாங்கும். உப்பு மாவைக் கெடாமல் காக்கிறது. வாயில் வைத்த குழந்தை பெரும்பாலும் துப்பிவிடும் என்றாலும், நிறைய விழுங்கினால் அந்த உப்பே ஆபத்து. பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

களிமண் இதைவிட ஒரு படி மேல். மதுரை அருகே விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் கொலுப் பொம்மைகள் செய்பவர்கள் முதலில் செய்வது மண்ணைத் தயாரிப்பதுதான். கல்லும் வேரும் நீக்கி, ஊறவைத்து, காற்றுக் குமிழி போகப் பிசைய வேண்டும். குழந்தைகளுக்கு அந்தப் பிசைதலே பாதி விளையாட்டு. உருட்டினால் பாம்பு, சுருட்டினால் நத்தை, கட்டை விரலால் குழித்தால் அகல். கை கால் ஒட்ட வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்டினால் காய்ந்ததும் உதிரும். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கி, உள்ளே ஈரம் நிற்க, விரிசல் விடும். நிழலில் மெதுவாக உலர்த்துவதே வழி.

ஓலை வேலை ஊர்ப்பக்கத்துச் சொத்து. தென்னங்கீற்றில் கைக்கடிகாரம், மோதிரம், பாம்பு. பனையோலைத் துண்டில் முள் குத்திய காத்தாடி. பூவரச இலையைச் சுருட்டிய பீப்பீ. சுளை எடுத்த நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்துக் கவட்டையால் தள்ளும் வண்டி. இவற்றில் காத்தாடி ஓடினால்தான் வெற்றி, பீப்பீ ஊதினால்தான் வெற்றி என்பதால் யாரும் மதிப்பெண் போட வேண்டியதில்லை. தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப் போன்ற வீண்பொருட்களிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தந்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பாதுகாப்பில் சில விஷயங்கள் கறாரானவை. மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நுழையக்கூடிய மணி, பொத்தான், விதை எதுவும் கூடாது. பொத்தான் பேட்டரி இருக்கும் பொருள் கைவேலைப் பெட்டியிலேயே இருக்கக் கூடாது. குன்றிமணி அழகுதான், ஆனால் கொடிய நஞ்சு. வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பழைய பெயின்ட்டைக் கொடுப்பது தவறு. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஜிகினாத்தூள் கண்ணில் பட்டால் கருவிழியைக் கீறும்.

இனி, பள்ளிகள் கொடுத்தனுப்பும் ‘ப்ராஜெக்ட்’. யுகேஜி பிள்ளைக்குச் சூரியக் குடும்பம் செய்துவரச் சொல்கிறார்கள். ஃபேன்சி ஸ்டோரில் தெர்மாகோல் உருண்டை வாங்கி, இரவு பத்து மணிக்கு அம்மா வெட்ட, அப்பா ஒட்ட, குழந்தை தூங்கிப்போகிறது. மறுநாள் வகுப்பில் வரிசையாக நிற்பவை பெற்றோர்களின் கைவேலைகள். அழகாக இருந்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம்தான் இதற்கு வேர். சாய்ந்த வீடும் நான்கு விரல் மனிதனும் சுவரில் ஏறும் பள்ளியே குழந்தைகளின் வேலையை மதிக்கும் பள்ளி. வீட்டிலும் அதே விதிதான்: குழந்தையின் படத்தில் பெரியவர் ஒரு கோடும் போடக் கூடாது. ‘என்ன இது?’ என்று கேட்பதைவிட ‘இதப் பத்திச் சொல்லு’ என்பது நல்லது. முன்னது பதில் இல்லாத குழந்தையைத் திணறடிக்கும்.

மூன்று வயதுப் பிள்ளை ஒரு வேலையில் பத்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிய விஷயம், எழுந்து போனால் விட்டுவிடலாம். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அப்பாவின் பழைய சட்டையைப் பின்பக்கம் பொத்தான் வர மாட்டிவிட்டால் துணி தப்பும். மீறி மஞ்சள் பட்டுவிட்டால் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெளிச்சத்தில் குர்குமின் சிதைவதால் கறை ஓரிரு நாளில் பெரும்பாலும் மங்கிவிடும்.