என்பு மச்சையும் மூட்டு நோவும்

சில வாரங்களுக்கு முன்னர், எம்மிடம் கல்வி பயின்ற பழைய மாணவர் ஒருவர் எமது இல்லந் தேடி வந்தார். அவருடைய தாயாருக்கு இரு முழங்கால்களிலும் நெடுநாளாக நோவு. கோயிற் படி ஏறுவதும், நிலத்திலே அமர்ந்து எழுவதும் அவ்வம்மையாருக்குப் பெரும்பாடாகிவிட்டன. என்பு மச்சையிலிருந்து எடுக்கும் மூலக்கலங்களை மூட்டினுள் ஊசி வழியாக ஏற்றினால், தேய்ந்த மூட்டு மீண்டும் வளர்ந்துவிடும் என வெளிநாட்டு மருத்துவ நிலையமொன்று விளம்பரஞ் செய்திருப்பதை மகன் கண்டிருக்கிறார். அதன்பொருட்டுத் தாயாரின் சீதனக் காணியை ஈடு வைக்கலாமா என்பதே அவர் எம்மிடம் கேட்ட வினா. நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் ஒரு குடும்பத்தின் காணி இவ்வினாவிலே தங்கியிருந்தமையால், அத்துறையிற் வல்லோர் வெளியிட்டவற்றைத் தேடிப் படித்தோம். படித்தறிந்ததை வாசகர்களுக்கும் உரைத்தல் பயனுடைத்து எனக் கருதுகின்றோம்.

முதலில் மச்சை என்பது யாது எனக் காண்போம். என்பு உடலைத் தாங்கும் வெறுந்தூண் அன்று. அதன் உள்ளே மென்மையான மச்சை நிறைந்திருக்கின்றது. 1868ஆம் ஆண்டிலே பிரஷ்யாவில் எர்ன்ஸ்ட் நொய்மன் என்பாரும், இத்தாலியில் ஜூலியோ பிற்சொற்செரோ என்பாரும், இரத்தக் கலங்கள் பிறக்குமிடம் இம்மச்சையே என வெளிப்படுத்தினர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர், 1961இல், கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கலக் ஆகிய இருவரும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். கதிர்வீச்சினால் மச்சை அழிந்த சுண்டெலிகளுக்கு வேறு சுண்டெலிகளின் மச்சையை ஏற்றியபோது, அவற்றின் மண்ணீரலிலே சிறு சிறு கணுக்கள் தோன்றின. அத்தகைய கணு ஒரே கலத்தின் வழித்தோன்றலாதல் கூடும் என்பது 1963இல் நிறுவப்பட்டது. தன்னைப் போன்ற கலத்தையும் ஈன்று, வேறு வகைக் கலங்களையும் ஈனவல்ல இத்தகைய கலத்தையே மூலக்கலம் என்கின்றோம். விளம்பரங்கள் ஸ்டெம் செல் என்று கூறுவதும் இதனையே.

இம்மச்சையைக் கொண்டு மருத்துவர் செய்ய முயன்ற பணிகளை மூன்றாக வகுக்கலாம். மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே. ஆனால் மூன்றின் வெற்றியும் ஒரே அளவினது அன்று. எமது மாணவரின் வினாவிற்கு விடை இவ்வேறுபாட்டிலேதான் அடங்கியிருக்கின்றது.

முதலாவது பணி இரத்தத்தைப் பற்றியது. இரத்தப் புற்றுநோயாளருக்குப் பிறருடைய மச்சையை ஏற்றும் முறையை அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ் 1957ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து எழுதி வந்தார். தொடக்கத்திலே தோல்விகள் பல. எனினும் விடாது உழைத்தமையால் அம்முறை உயிர்காக்குஞ் சிகிச்சையாக நிலைபெற்றது. 1990இல் அவருக்கு நோபெல் பரிசும் வழங்கப்பட்டது. இப்பணி ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

இரண்டாவது பணி என்பினைப் பற்றியது. இரத்தத்தை ஆக்கும் கலங்களோடு, என்பை ஆக்கவல்ல வேறு கலங்களும் மச்சையில் உள்ளன என்பதை மொஸ்கோவில் அலெக்ஸாண்டர் பிரீடன்ஸ்ரைன் என்னும் அறிஞர் 1960களிலும் 1970களிலும் காட்டினார். பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் பிலிப் ஏர்னிகு இவ்வறிவைச் சிகிச்சையிற் பயன்படுத்தினார். முறிந்தபின் பொருந்தாது நின்ற கீழ்க்கால் என்புடைய 60 நோயாளருக்கு, அவரவர் இடுப்பென்பின் மச்சையைச் செறிவாக்கி முறிவிடத்தில் ஏற்றினார். அவருள் 53 பேருக்கு என்பு பொருந்தியது என 2005இல் அவர் அறிவித்தார். பொருந்தாத எழுவருக்கும் ஏற்றிய மச்சையிலே அக்கலங்களின் தொகை குறைவாக இருந்தமையையும் அவரே கண்டார். ஆகவே இப்பணி நம்பிக்கை தருவது எனலாம்.

மூன்றாவது பணியே மூட்டினைப் பற்றியது. மூட்டிலே என்பு முனைகளைப் போர்த்திருப்பது வழுவழுப்பான கசியிழையம். குருத்தெலும்பு என்று கூறுவதும் இதனையே. இதற்குக் குருதிக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தோலிலே காயம் பட்டால் குருதி வழியே பழுதுபார்க்கும் கலங்கள் வந்து சேரும். கசியிழையத்துக்கோ அவ்வழி அடைபட்டிருக்கின்றது. அது ஒருமுறை அழிந்தால் மீளாது என வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்.

இந்நிலையில், 1991இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர அறிஞர் ஆர்னோல்ட் கப்லன், மச்சையிலுள்ள அவ்விரண்டாம் வகைக் கலங்களுக்கும் மூலக்கலம் என்னும் பெயரைச் சூட்டினார். ஆய்வுகூடத்திலே தக்க ஊட்டங் கொடுத்தால் அவை என்பாகவும், கசியிழையமாகவும், கொழுப்பாகவும் மாறுதலை 1999இல் வேறோர் ஆய்வாளர் குழு காட்டியது. கண்ணாடிக் கிண்ணத்திலே கசியிழையமாக மாறுவது முழங்காலிலும் மாறாதோ என்னும் ஆசை எழுந்தது இயல்பே.

அவ்வாசையைப் பெருக்கியவர்களுள் ஒருவர் பார்ட்டோலோ கொலோன் என்னும் பேஸ்போல் வீரர். தோளும் முழங்கையும் பழுதுற்று, 2010ஆம் ஆண்டிலே பெரும்போட்டிகளில் அவர் ஆடவேயில்லை. அவ்வாண்டில் தமது தாய்நாடான டொமினிக்கன் குடியரசிலே, தம் கொழுப்பிலிருந்தும் மச்சையிலிருந்தும் எடுத்த கலங்களைப் பழுதுற்ற இடங்களில் ஏற்றுவித்துக்கொண்டார். 2011இல் நியூயோர்க் அணிக்காக மீண்டும் பந்து வீசி எட்டு ஆட்டங்களில் வெற்றியும் பெற்றார். செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் 2012இல், தடைசெய்யப்பட்ட டெஸ்டொஸ்டெரோன் உடலிற் காணப்பட்டமைக்காக அவருக்கு 50 ஆட்டத் தடை விதிக்கப்பட்டது என்பதை அவ்விளம்பரங்கள் கூறுவதில்லை. அவரை மீட்டது ஊசியா, ஓராண்டு ஓய்வா, பயிற்சியா, பிறிதொன்றா என்று யாராற் கூற முடியும்? ஒருவர் கதை எத்துணைச் சிறந்ததாயினும் சான்றாகிவிடாது.

சான்று வேண்டுமாயின் ஒப்புநோக்கல் வேண்டும். புளோரிடா மாநிலத்திலுள்ள மாயோ மருத்துவ நிலையத்தார் 2017இல் வெளியிட்ட சோதனை, எமது மாணவரின் தாயாருக்காகவே செய்யப்பட்டது போன்றது. இரு முழங்கால்களிலும் தேய்வுற்ற 25 பேரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். இடுப்பென்பிலே தடித்த ஊசியைச் செலுத்தி மச்சையை உறிஞ்சி, சுழற்சிப் பொறியிலிட்டுச் செறிவாக்கினர். ஒவ்வொருவருக்கும் ஒரு முழங்காலிலே அம்மச்சையையும், மறு முழங்காலிலே வெறும் உப்புநீரையும் ஏற்றினர். எக்காலில் எது சென்றது என்பதை நோயாளர் அறியார். ஆறு மாதங் கழிந்தபின் இரு முழங்கால்களிலும் நோவு குறைந்திருந்தது. ஆனால் மச்சை பெற்ற காலுக்கும் உப்புநீர் பெற்ற காலுக்கும் வேறுபாடு காணப்படவில்லை!

உப்புநீர் எவ்வாறு நோவைக் குறைத்தது எனச் சிலர் வியக்கக்கூடும். மூட்டு நோவு ஏறியும் இறங்கியும் வருவது. அது உச்சத்தில் நிற்கும்போதுதான் நாம் மருத்துவரை நாடுகின்றோம். அதன்பின் அது தானே சிறிது தணியும். நற்சிகிச்சை கிடைத்தது என்னும் நம்பிக்கையும் நோவைத் தணிக்கும். இவையிரண்டின் பயனையும் ஊசியின் கணக்கிலே எழுதிவிடுகின்றோம்.

ஒரு காலில் ஏற்றிய மச்சையே மறு காலுக்கும் உதவியிருக்கலாமன்றோ எனத் தடை எழுப்புவோரும் உளர். அத்தடைக்கு விடை 2023இல் கிடைத்தது. அமெரிக்காவிலே 475 முழங்கால் நோயாளரைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து நடத்திய பெருஞ் சோதனையில், மச்சைச் செறிவு, கொழுப்பிலிருந்து எடுத்த கலங்கள், தொப்புட்கொடிக் கலங்கள் ஆகிய மூன்றும், நெடுங்காலமாக வழக்கிலுள்ள ஸ்டீரொயிட் ஊசியோடு ஒப்பிடப்பட்டன. ஓராண்டு முடிவில் மூன்றுள் எதுவும் அப்பழைய ஊசியினும் சிறந்ததாகக் காணப்படவில்லை.

காரணமும் ஓரளவு விளங்குகின்றது. மச்சையிலே பிரித்தெடுக்கும் கலங்களுள் பத்தாயிரத்தில் ஒன்று முதல் இலட்சத்தில் ஒன்று வரையே இவ்வகை மூலக்கலமாகும். அவையும் புதிய கசியிழையமாக மாறுவதினும் பிற கலங்களுக்குச் சைகைப் பொருள்களைச் சுரந்து உதவுவதே அவற்றின் தொழில் என்று கூறி, 2017இல் கப்லன் தாம் சூட்டிய பெயரைத் தாமே மாற்றும்படி வேண்டினார். தம் புகழுக்குக் காரணமான சொல்லையே திருத்த முன்வந்த அப்பண்பு மாணவர்கள் போற்றத்தக்கது.

இங்ஙனமாயின் விளம்பரங்கள் எவ்வாறு மக்களைக் கவர்கின்றன? முதலாவது பணியின் புகழைக் காட்டி மூன்றாவது பணியை விற்கின்றனர் என்பதே எமது கருத்து. நோபெல் பரிசு உண்மை. உயிர் பிழைத்த இரத்த நோயாளரும் உண்மை. ஆனால் அவ்வுண்மைகள் முழங்காலுக்குச் சான்றாகா.

ஊசி என்றால் கேடும் உண்டு. தொப்புட்கொடி இரத்தத்திலிருந்து ஆக்கி மூலக்கல மருந்தென விற்கப்பட்டதை ஏற்றுவித்த 12 பேர் பற்றீரியா நோய்த்தொற்றுக்கு ஆளாயினர் என அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் 2018இல் அறிவித்தது. தன் மச்சையைத் தானே பெறுவது அதனின் வேறானதெனினும், மூட்டினுள் ஊசி செல்லும்போது தூய்மை பிழைத்தால் விளைவு கொடிதே.

இத்தகைய சிகிச்சையை நாடும் குடும்பத்தார் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. இதே நோய்க்கு, போலி ஊசியோடு ஒப்பிட்டு நடத்திய சோதனை உண்டா? அதன் முடிவு எங்கே வெளியிடப்பட்டது? இது ஆராய்ச்சியாயின் நோயாளி ஏன் பெரும்பணம் செலுத்த வேண்டும்? நன்றியுள்ள நோயாளரின் கடிதங்களையே விடையாகக் காட்டுவோரிடம் பணத்தைக் கொடாதிருப்பது அறிவுடைமை.

அம்மையாருக்கு வழியே இல்லையோ எனின், உண்டு. தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும், மிகையான உடல் நிறையைக் குறைத்தலும் முழங்கால் நோவுக்குப் பயன் தருவன என்பது சோதனைகளிற் கண்ட உண்மை. உடல் நிறையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். மூட்டு முற்றாகத் தேய்ந்தோருக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையும் இருக்கின்றது. எது தக்கது என்பதை என்பு மருத்துவரே கூறவல்லார்.

இவற்றையெல்லாம் எம் மாணவருக்கு எடுத்துரைத்தோம். அவர் முகம் முதலிற் சற்று வாடியது. தாயின் நோவைத் தீர்க்க விரும்பும் மகனுக்கு, காத்திரு என்னும் சொல் இனிக்குமா? ஆயினும் மறுவாரம் அவர் மீண்டும் வந்தார். காணி உறுதியைப் பெட்டகத்திலே வைத்துப் பூட்டிவிட்டதாகவும், தாயாரை என்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றதாகவும், அவர் சொற்படி அம்மையார் காலையும் மாலையும் கதிரையிலிருந்து எழுந்தமரும் பயிற்சியைத் தொடங்கிவிட்டதாகவும் கூறினார். பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்வது அவருடைய சிறிய மகளாம்.