திருமலை அடிவாரத்திலிருந்து தில்லிக்கு: வீடாக மாறிய வேன்கள்

புதுதில்லி: திருமலையில் தரிசனம் முடித்த ஆந்திர பக்தர்கள் பலர் ஒரு காலத்தில் நேராக ஊர் திரும்பியதில்லை. பஸ்களிலும் வேன்களிலும் சென்னைக்கு வந்து, தியாகராய நகர் பஸுல்லா சாலையில் ஒரு வீட்டின் முன் காத்துக் கிடப்பார்கள். 1960-ல் வெளியான தெலுங்குப் படத்தில் ஏழுமலையானாக நடித்த என்.டி. ராமராவ் வெளியே வந்து கைகூப்பினால்தான் அவர்களுக்கு யாத்திரை பூர்த்தியானதாகத் தோன்றும்.

1982-ல் பயணத்தின் திசை மாறியது. அவரே ஒரு வேனில் ஏறி அவர்களைத் தேடிப் புறப்பட்டார்.

அந்த ஆண்டு மார்ச் 29-ல் தெலுங்கு தேசம் கட்சியை அறிவித்த ராமராவ், மே மாதம் திருப்பதியில் கட்சி மாநாட்டைக் கூட்டினார். தேர்தலோ 1983 ஜனவரி 5-ல் வந்துவிட்டது. கையில் இருந்தது ஒன்பது மாதங்கள். கிளைகள் இல்லை, கட்சி அலுவலகங்கள் இல்லை. பழைய செவர்லே வேன் ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து, கூரை மீது நின்று பேச மேடையும் ஒலிபெருக்கிகளும் பொருத்தி, "சைதன்ய ரதம்" என்று பெயர் சூட்டினார்கள். ஓட்டுநர் இருக்கையில் மகன் ஹரிகிருஷ்ணா. காக்கி உடையில் ராமராவ் அதிலேயே உண்டார், அதிலேயே உறங்கினார், சாலையோரத்தில் குளித்தார். இன்று கேரவன் என்றதும் நமக்கு நினைவு வருவது நடிகர்கள் படப்பிடிப்பு இடைவேளையில் ஒதுங்கும் குளிர்சாதன வண்டி. கூட்டத்திலிருந்து ஒளிந்துகொள்ள உதவும் அந்த வண்டியை ஒரு நடிகர் கூட்டத்துக்கு நடுவே குடியிருக்கப் பயன்படுத்தினார் என்பது விசித்திரம்தான்.

ரதத்தின் அரசியலில் பேச்சைவிட முக்கியமானது அதில் இருந்த படுக்கை என்பது இந்த நிருபரின் எண்ணம். அதுவரை மாவட்டத்துக்கு வரும் தலைவர் பயணியர் விடுதியில் தங்குவார். அல்லது உள்ளூர்ப் பெருந்தனக்காரர் வீட்டில் இலை போடப்படும். யார் வீட்டில் தங்கினார் என்பதே அடுத்த வேட்பாளர் யார் என்பதற்கான அறிவிப்பு. காங்கிரஸில் கோஷ்டிகள் வளர்ந்ததில் இந்த விருந்தோம்பலுக்கும் பங்கு உண்டு. படுக்கையை உடன் கொண்டு வந்தவருக்கு எந்த மிராசுதாரரின் திண்ணையும் தேவைப்படவில்லை. அரசியலுக்கே புதியவர்களான பலரை அவரால் வேட்பாளர்களாக நிறுத்த முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கட்சி என்றால் ஒரே மனிதர் என்ற நிலை உருவானதும் அதே வேனில்தான். அதற்கான விலையை அவர் பின்னாளில் கொடுத்தார்.

தேர்தலில் குடிவாடா, திருப்பதி இரண்டிலும் ராமராவ் வென்றார். குடிவாடாவை வைத்துக்கொண்டு திருப்பதியை விட்டுக்கொடுத்தார். 294 இடங்கள் கொண்ட பேரவையில் அவரது கட்சிக்கு இருநூறுக்கு மேல் கிடைத்தது. 1984 டிசம்பரில், இந்திரா காந்தி படுகொலைக்குப் பிந்தைய அனுதாப அலையில் காங்கிரஸ் நாடெங்கும் நானூறு இடங்களைத் தாண்டியபோது, மக்களவை எதிர்வரிசையில் மிகப் பெரிய கட்சியாக அமர்ந்தது 30 உறுப்பினர்களைக் கொண்ட தெலுங்கு தேசம். ஒரு மாநிலக் கட்சிக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை.

கடலோரச் சாலை

மலைக்குப் பெயர் பெற்ற திருப்பதிக்கு இப்போது கடற்கரையும் உண்டு. 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீஹரிகோட்டாவும் பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் சேர்ந்தன. அங்கிருந்து வடக்கே ஒடிசா எல்லையில் உள்ள இச்சாபுரம் வரை நீளும் கரைதான் ஆந்திர அரசியலில் எல்லா யாத்திரைகளுக்கும் சோதனைக் களம். 974 கிலோமீட்டர் என்று நெடுங்காலம் அரசு ஏடுகளில் இருந்த அதன் நீளம், புதிய அளவீட்டில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

வரைபடத்தில் நேர்கோடு போலத் தெரியும் இக்கரையில் வண்டி ஓட்டத் திட்டமிடுபவர்களுக்குத்தான் சங்கடம் புரியும். கிருஷ்ணாவும் கோதாவரியும் கடலில் கலக்குமிடத்தில் நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 1977 நவம்பர் 19 புயலில் திவிசீமாவை விழுங்கிய பேரலை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அப்போது ராமராவும் நாகேஸ்வர ராவும் வீதி வீதியாக நிவாரண நிதி திரட்டினர். ஐந்து ஆண்டுகள் கழித்து ரதம் வந்தபோது டெல்டா கிராமங்களுக்கு அவர் திரையில் மட்டும் பார்த்த முகமாக இருக்கவில்லை.

கோனசீமாவிலிருந்து ஏனாமுக்குச் செல்ல கௌதமி கோதாவரியைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. எதுர்லங்காவையும் ஏனாமையும் இணைக்கும் பாலம், அந்தப் பகுதியைச் சேர்ந்த மக்களவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2002 மார்ச் 3-ல் அவர் உயிரிழந்ததோ சாலையில் அல்ல. கைகலூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில். 2009 செப்டம்பர் 2-ல் முதல்வர் ராஜசேகர ரெட்டி ஹெலிகாப்டரில் புறப்பட்டதும் சித்தூர் மாவட்ட கிராமம் ஒன்றுக்குத்தான். 2003-ல் செவெல்லாவிலிருந்து இச்சாபுரம் வரை நடந்தே ஆட்சியைப் பிடித்தவர் அவர்.

தரை வழியும் பாதுகாப்பாக இருந்துவிடவில்லை. 2003 அக்டோபர் 1-ல் பிரம்மோற்சவத்துக்காகத் திருமலைக்குச் சென்ற முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் கார், அலிபிரியில் நக்சலைட்டுகளின் கண்ணிவெடியில் சிக்கியது. அவர் காயங்களுடன் தப்பினார். சாலையோரத்தில் குளித்த தலைவரின் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த வெடி அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு வந்த பிரசார வண்டிகளில் கண்ணாடி தடித்தது, தரை உயர்ந்தது, சுற்றிலும் பாதுகாவலர் வட்டம் பெருகியது.

பச்சை நிறத் தகராறு

ஜனசேனா தலைவர் பவன் கல்யாண் 2022 இறுதியில் "வாராஹி" என்ற வாகனத்தைக் காட்டியபோது முதலில் எழுந்தது வண்ணப் பிரச்னை. ராணுவத்துக்குரிய ஆலிவ் பச்சையை மற்றவர்கள் பூசக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 121. இது மரகதப் பச்சை என்று சொல்லி தெலங்கானாவில் பதிவு நடந்தது. சிரிப்புக்கு இடமான சர்ச்சை என்றாலும் அதில் ஒரு சட்டப் பாடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை உரிமையாளர் இஷ்டம்போல் மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பழைய செவர்லேயின் கூரையில் மேடை கட்டியதுபோல இன்று எளிதில் செய்துவிட முடியாது.

2023 ஜூன் 14-ல் கத்திபூடியில் வாராஹி பயணம் தொடங்கியது. ஓங்கோலில் பிரிந்து சீராலா, மசூலிப்பட்டினம், அமலாபுரம், காக்கிநாடா எனக் கடலை ஒட்டி வரும் 216-ம் எண் நெடுஞ்சாலை, பெருநெடுஞ்சாலையைத் தொடும் இடம் அது. 2019-ல் ஒரே ஒரு எம்.எல்.ஏ.வுடன் நின்ற கட்சி, 2024-ல் தெலுங்கு தேசம், பாஜகவுடன் கூட்டணி சேர்ந்து, போட்டியிட்ட 21 பேரவைத் தொகுதிகளிலும் வென்றது. மக்களவைக்கு வந்த அதன் இருவரில் ஒருவர் காக்கிநாடாவிலிருந்து, மற்றவர் மசூலிப்பட்டினத்திலிருந்து. இரண்டும் கடற்கரைத் தொகுதிகள். வெற்றிக்குக் கூட்டணியே பெருங்காரணம் என்றாலும், வேன் எந்தச் சாலையில் ஓடியது என்பதைத் தேர்தல் முடிவு வரைபடத்தில் தேடினால் கிடைக்கத்தான் செய்கிறது.

யார் பொறுப்பு?

வண்டி வரும் வழியில் நிற்பவர்களின் கதை வேறு. 2022 டிசம்பர் 28-ல் நெல்லூர் மாவட்டம் கந்துகூரில் நாயுடுவின் வாகனப் பிரசாரத்தில் நெரிசல் ஏற்பட்டு 8 பேர் உயிரிழந்தனர். ஜனவரி முதல் நாள் குண்டூரில் மேலும் 3 பேர். அடுத்த நாளே ஜெகன்மோகன் அரசு, நெடுஞ்சாலை முதல் ஊராட்சிச் சாலை வரை கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் அரசாணை எண் 1-ஐப் பிறப்பித்தது. அதற்கு ஆதாரம் 1861-ம் ஆண்டின் போலீஸ் சட்டம். சித்தூர் மாவட்டத்தில் உள்ள சொந்தத் தொகுதியான குப்பத்துக்குச் சென்ற நாயுடு தடுக்கப்பட்டார். அவரது பிரசார வாகனத்தைப் போலீஸார் பிடித்துவைத்தனர். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தை வைத்து எதிர்க்கட்சியின் சாலையை அடைக்கும் அந்த ஆணையை 2023 மே 12-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆணை போனது, இறந்தவர்கள் எழுப்பிய கேள்வி போகவில்லை. 2025 செப்டம்பர் 27-ல் கரூரில் தவெக தலைவர் விஜய்யின் பிரசார பஸ்ஸைக் காணத் திரண்ட கூட்டத்தில் 41 பேர் மாண்டபோது அது தமிழகத்தின் கேள்வியாகவும் ஆனது. அக்டோபர் 13-ல் உச்ச நீதிமன்றம் விசாரணையை சிபிஐக்கு மாற்றி, ஓய்வுபெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது.

நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இந்த வண்டிகளை ஒரே கோணத்தில்தான் பார்க்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவுப்படி, பட்டியலில் இடம்பெற்ற தலைவர்கள், அதாவது அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், மற்றப் பதிவு பெற்ற கட்சிக்கு 20 பேர், பிரசாரத்துக்காக விமானத்திலோ வேறு வாகனத்திலோ செய்யும் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 2022-ல் நிர்ணயித்த உச்சவரம்பு ரூ. 95 லட்சம், கட்சிக்கு வரம்பே கிடையாது. வண்டிக்கு யார் பணம் தந்தார் என்பதற்காவது கட்சி கணக்குக் காட்ட வேண்டும். அது எந்த நேரத்தில் எந்த ஊரில் நிற்கும், நின்றால் எத்தனை பேர் நிற்க இடம் உண்டு, குடிக்கத் தண்ணீர் யார் வைப்பது, ஆம்புலன்ஸ் எந்த வழியாக வெளியேறும் என்பவற்றுக்குத் தேர்தல் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. குடும்பத்தோடு கடற்கரைக்கு வேனில் கிளம்புபவர்கூட இரவு எங்கே நிறுத்துவது, தண்ணீர் எங்கே பிடிப்பது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறார்.

ரதத்தை ஓட்டிய ஹரிகிருஷ்ணா பின்னர் மாநிலங்களவைக்கு வந்தார். மாநிலப் பிரிவினையை எதிர்த்து 2013 ஆகஸ்டில் பதவி விலகினார். 2018 ஆகஸ்ட் 29-ல் நல்கொண்டா மாவட்டத்தில் நடந்த விபத்தில் இறந்தபோதும் காரை அவரேதான் ஓட்டிச் சென்றார்.

திருமலையில் அரசியல் பேச்சுக்குத் தடை விதித்து தேவஸ்தான அறங்காவலர் குழு 2024 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. கட்சிக் கொடியோடு வரும் வண்டி எந்தக் கட்சியுடையதானாலும் அலிபிரி சோதனைச் சாவடியில் கொடியைக் கழற்றிவிட்டுத்தான் மலையேற வேண்டும்.