ஒரே தொழில், பல முகவரிகள்

பதிவு அலுவலகம் ஓரிடம், ஆலை வேறிடம், கிடங்கு இன்னோரிடம். இவற்றில் ஒன்று மாறினால் யாரிடம் சொல்வது? ஓர் அலுவலகத்தில் சொன்னால் போதும் என்று நினைக்கும் சிறு தொழில்கள் பிறகு அதற்கு விலை கொடுக்கின்றன.

2007 அக்டோபர் 5ஆம் தேதி மும்பையில் வருமான வரித் துறை ஒரு நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. முந்தைய ஆண்டு நவம்பரில் தாக்கல் செய்த கணக்கை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது சாரம். ஆனால் நோட்டீஸ் போன முகவரியில் நிறுவனம் இல்லை. அது ஏற்கெனவே இடம் மாறியிருந்தது, பெயரும் மாறியிருந்தது. புதிய முகவரியைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவித்தாயிற்று, வருமான வரிக் கணக்கிலும் எழுதியாயிற்று, எனவே பழைய முகவரிக்குப் போன நோட்டீஸ் செல்லாது என்று நிறுவனம் வாதிட்டது. உரிய காலத்தில் நோட்டீஸ் சேராவிட்டால் வரி மதிப்பீடே செல்லாமல் போகும்.

தீர்ப்பாயமும் பம்பாய் உயர் நீதிமன்றமும் இந்த வாதத்தை ஏற்றன. 2019 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 'ஐ-வென் இன்டராக்டிவ்' வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு சொன்னது இதுதான்: பான் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பியது சரியே. பதிவாளரிடம் படிவம் கொடுத்தது வரி அதிகாரியிடம் தெரிவித்ததாகாது. கணக்கில் புதிய முகவரியைக் குறிப்பிட்டது மட்டும் போதாது. பான் பதிவேட்டையும் திருத்தியிருக்க வேண்டும்.

அந்த நிறுவனத்துக்கு வழக்கறிஞர் வைத்து உச்ச நீதிமன்றம் வரை வாதாட வசதி இருந்தது. நாலு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு அது கிடையாது. ஆனால் சட்டம் இருவருக்கும் ஒன்றே. 'அரசாங்கத்திடம் சொல்லியாயிற்று' என்ற நம்பிக்கையில்தான் பிழை இருக்கிறது. முகவரி விஷயத்தில் அரசாங்கம் என்று ஒன்று இல்லை. பல அலுவலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முகவரி கேட்பதன் காரணம் வேறு.

ஆளுக்கொரு கேள்வி

புனேயில் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு சிறு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்ளலாம். கோத்ருட்டில் இயக்குநரின் வீடுதான் பதிவு அலுவலகம். பொடி அரைப்பது போசரி தொழிற்பேட்டையில். சரக்கை வைப்பது பிவண்டியில் வாடகைக்கு எடுத்த கிடங்கில்.

கம்பெனிப் பதிவாளர் கேட்கும் கேள்வி: உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினால் எங்கே வாங்குவீர்கள்? 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதைத்தான் பதிவு அலுவலகம் என்கிறது. கடிதங்களையும் நோட்டீஸ்களையும் பெற்று, பெற்றதாக ஒப்புக்கொள்ளக்கூடிய இடமாக அது எப்போதும் இருக்க வேண்டும். அங்கே வியாபாரம் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே கோத்ருட் வீடு போதும். வீட்டின் உரிமையாளர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத மின்கட்டண ரசீது போன்ற ஒன்றைக் காட்ட வேண்டும்.

ஆனால் பலர் கவனிக்காத கடமை ஒன்று இதே பிரிவில் இருக்கிறது. தொழில் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் வெளியே கம்பெனியின் பெயரும் பதிவு அலுவலக முகவரியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பகுதியில் வழங்கும் மொழியின் எழுத்திலும் அது இருக்க வேண்டும். புனேயில் ஆங்கிலப் பலகை மட்டும் மாட்டினால் போதாது, மராத்தியும் வேண்டும். பில் புத்தகத்திலும் கடிதத் தாளிலும் அதே முகவரி அச்சாக வேண்டும். கணக்குப் புத்தகங்களும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆலையிலோ வேறு இடத்திலோ வைப்பதென்றால் இயக்குநர் குழு தீர்மானித்து, 7 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. அதிகாரியின் கேள்வி வேறு: சரக்கு எங்கே இருக்கிறது, விற்பனை எங்கிருந்து நடக்கிறது? அவருக்கு கோத்ருட் வீடு முக்கியமில்லை. போசரி ஆலை முதன்மைத் தொழிலிடம். பிவண்டி கிடங்கு கூடுதல் தொழிலிடம். இரண்டும் பதிவில் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். வாசல் பலகையில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். பதிவில் இல்லாத கிடங்கில் சரக்கு கிடைத்தால் அது கணக்கில் வராத சரக்கு என்ற சந்தேகம் எழும். சோதனையிடவும் கைப்பற்றவும் சட்டத்தின் 67ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது.

இந்தக் கம்பெனி பெங்களூரில் ஒரு கிடங்கு எடுத்தால் கதை மாறுகிறது. ஜி.எஸ்.டி. பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. 15 இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தின் குறியீடு: மகாராஷ்டிரத்துக்கு 27, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் கம்பெனியின் பான் எண். பெங்களூர் கிடங்கிலிருந்து விற்க கர்நாடகத்தில் புதிய பதிவு வேண்டும். அது கிடைத்த பிறகு, சட்டத்தின் கண்ணில் புனே கிளையும் பெங்களூர் கிளையும் இரு வேறு நபர்கள். தன் சரக்கைத் தன் கிடங்குக்கே அனுப்பினாலும் அதற்கு பில் போட்டு வரி கட்ட வேண்டும். பின்னர் அதை வரவு வைத்துக்கொள்ளலாம் என்றாலும், கையிலிருக்கும் பணம் கொஞ்ச காலம் முடங்குகிறது.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கேள்வி மூன்றாவது ரகம்: பொடி எந்தக் கூரையின் கீழ் அரைபடுகிறது? அதன் உரிமம் கம்பெனிக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் சேர்த்துத் தரப்படுவது. ஆலையை வேறு இடத்துக்கு மாற்றினால் பழைய உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே உற்பத்தியைத் தொடங்க முடியாது. இதற்கு நேர்மாறானது 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் 'உத்யம்' பதிவு. ஒரு நிறுவனத்துக்கு ஒரே பதிவுதான். எத்தனை ஆலை இருந்தாலும் அதற்குள்ளேயே சேர்த்துக்கொள்ளலாம். கட்டணமும் இல்லை.

கம்பெனியாகப் பதிவு செய்யாத தனி முதலாளிக்குப் பதிவு அலுவலகம் என்பதே இல்லை. அவர் வீட்டு முகவரி பானில் இருக்கும், கடை முகவரி ஜி.எஸ்.டி.யில் இருக்கும். கூட்டு வணிகமாக இருந்தால் 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி முதன்மை இடம், கிளைகள், பங்குதாரர்களின் நிரந்தர முகவரி எல்லாம் பதிவாக வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத கூட்டு வணிகம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது.

கதவைத் தட்டும் அதிகாரி

முகவரியைப் பற்றி அரசு இவ்வளவு கவலைப்படக் காரணம் இருக்கிறது. இல்லாத முகவரியில் கம்பெனி தொடங்கி, நடக்காத விற்பனைக்கு பில் கொடுத்து, கட்டாத வரியை வரவு எடுப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. போலிப் பதிவுகளுக்கு எதிராக 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் சிறப்பு வேட்டை நடந்தது. வேட்டை தொடங்கியதிலிருந்து அந்த ஆண்டு டிசம்பர் வரை 29,273 போலி நிறுவனங்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக நிதி அமைச்சகம் அறிவித்தது. சந்தேகத்துக்கு உள்ளான வரி வரவு ரூ.44,015 கோடி.

கம்பெனிப் பதிவாளரும் பின்தங்கவில்லை. 2019இல் பழைய கம்பெனிகள் பதிவு அலுவலகத்தின் வெளித்தோற்றப் படத்தையும், உள்ளே ஓர் இயக்குநராவது இருக்கும் படத்தையும் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. தொழில் நடக்கவில்லை என்று சந்தேகப்பட்டால் பதிவாளர் நேரில் வந்து பார்க்கலாம். 2022 ஆகஸ்டில் வந்த விதிப்படி, அப்பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பார்வையிட்டுப் படம் எடுக்க வேண்டும். முகவரி பொய் என்று தெரிந்தால் கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கும் நடவடிக்கை தொடங்கலாம்.

இந்த வலையில் மோசடிக்காரனோடு சேர்த்து, சோம்பலால் பலகை மாட்டாதவரும் சிக்குகிறார். பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் அலுவலகத்தில் முகவரியை மட்டும் மாத வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். அப்படி எடுப்பதே குற்றமல்ல. ஆனால் அதிகாரி வரும்போது பலகையும் இல்லை, கணக்கும் இல்லை, கடிதம் வாங்க ஆளும் இல்லை என்றால் காகிதத்தில் மட்டும் வாழும் கம்பெனிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

மறுபக்கமும் உண்டு. பதிவு கேட்டு வரும் சிறு வியாபாரியிடம் பட்டியலில் இல்லாத காகிதங்களை எல்லாம் அதிகாரிகள் கேட்கிறார்கள் என்ற புகார் வலுத்தது. 2025 ஏப்ரல் 17 அன்று மறைமுக வரிகள் வாரியம் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. சொந்த இடமாக இருந்தால் சொத்து வரி ரசீது, மின்கட்டண ரசீது போன்றவற்றில் ஏதாவது ஒன்று போதும். விண்ணப்பதாரரின் வீடு வேறு ஊரில் இருக்கிறதே என்பது போன்ற ஊகக் கேள்விகள் கூடாது. வாடகை இடமென்றால் ஒப்பந்தத்தோடு உரிமையாளரின் உரிமையைக் காட்டும் ஆவணம் வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். கடை என்று தெரிந்தால் சொத்து வரி கூடிவிடுமோ என்று பயப்படும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுப்பார். முன்பணம் கொடுக்கும் முன்பே அதைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

மாறும்போது என்ன செய்வது?

பதிவு அலுவலகம் அதே ஊருக்குள் மாறினால் 30 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவித்தால் போதும். ஊர் எல்லையைத் தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். புனேக்கும் மும்பைக்கும் தனித்தனிப் பதிவாளர்கள் இருப்பதால், மாநிலம் ஒன்றே ஆனாலும் மண்டல இயக்குநரின் ஒப்புதல் தேவைப்படும். 12ஆவது பிரிவை மீறினால் கம்பெனிக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் தலா நாளொன்றுக்கு ரூ.1,000, அதிகபட்சம் ரூ.1 லட்சம் அபராதம். சிறிய கம்பெனி என்ற வகைக்குள் வந்தால் இதில் பாதிக்கு மிகாது.

ஜி.எஸ்.டி.யில் அவகாசம் இன்னும் குறைவு: 15 நாட்கள். பதிவு செய்த இடத்தில் தொழில் நடக்கவில்லை என்று தெரிந்தால் பதிவையே ரத்து செய்யலாம். அதற்கு முன் வரும் நோட்டீசுக்கு 7 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். ரத்தான பதிவை மீட்க 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். அதுவரை வரி பில் போட முடியாது. பில் இல்லாமல் வாங்கத் தயாராக இல்லாத பெரிய வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

பான் முகவரியைத் தனியே திருத்த வேண்டும். மற்ற இரண்டையும் மாற்றியதால் அது தானாக மாறும் என்று எண்ணக் கூடாது. பிறகு வங்கி, வருங்கால வைப்பு நிதி, உத்யம், பொட்டலத்தின் மேல் அச்சாகும் தயாரிப்பாளர் முகவரி என்று பட்டியல் நீளும். ஒரு தாளில் எல்லா அலுவலகங்களையும், ஒவ்வொன்றிலும் பதிவாகியிருக்கும் முகவரியையும் எழுதி வைத்திருப்பவருக்கு இடம் மாறும்போது இது ஒரு நாள் வேலை. எழுதி வைக்காதவருக்கு எது விட்டுப்போனது என்பது நோட்டீஸ் வந்தால்தான் தெரியும், அதுவும் கைக்கு வந்தால்.

வராமல் போனாலும் தப்பிக்க வழியில்லை. சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படும் வரை, போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படும் என்கிறது 1897ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டம். பதிவுத் தபால் என்ற தனிச் சேவை 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. அந்தக் கொள்கை மாறவில்லை. ஜி.எஸ்.டி. சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மின்னஞ்சலில் அனுப்பினாலும், இணையதளத்தில் போட்டு வைத்தாலும் நோட்டீஸ் கொடுத்ததாகவே கணக்கு.

கடைசியாக ஒரு முகவரி இருக்கிறது. பல சிறு தொழில்களில் அதை யாரும் முகவரி என்று நினைப்பதே இல்லை: பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும். அவை பெரும்பாலும் கணக்கு எழுதிக் கொடுப்பவருடையவை. அவரை மாற்றிய பின்னும் அவை மாறுவதில்லை. நோட்டீஸ் அவர் கைபேசியில் வந்து விழும். முதலாளி கடையில் உட்கார்ந்திருப்பார்.

ஐ-வென் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அந்தக் கணக்குத் தாக்கலாகி ஏறக்குறைய 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்ற கேள்வி அப்போதும் முடியவில்லை. அதை விசாரிக்கும்படி வழக்கு மீண்டும் மேல்முறையீட்டு ஆணையரிடமே அனுப்பப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் நீதிமன்றங்களில் பேசப்பட்டது முகவரியைப் பற்றித்தான்.