எல்லாப் பாட்டுக்கும் ஈடுகொடுக்கும் ஒரே பிக்கப்
கிடார் உதிரிப்பாகம் வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

பிக்கப் என்றதும் நம் வணிகப் பெருமக்களுக்கு மண்டியிலிருந்து மூட்டை ஏற்றி வரும் வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்ஜ் என்றால் கடையில் குளிர்பானம் அடுக்கி வைக்கும் பெட்டி. இம்மாதம் நாம் எழுத வந்தது இவ்விரண்டையும் பற்றி அல்ல. எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிகளின் அடிப்பக்கத்தைத் தாங்கி நிற்கும் கட்டைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். அதை ஒட்டி, கம்பிகளுக்குக் கீழே பதிக்கப்பட்டிருக்கும் சிறு காந்தப் பாகத்திற்குப் பிக்கப் என்று பெயர். கிடாரின் ஓசையைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

அரிசி பருப்பு விற்கும் நமக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். வீட்டில் பிள்ளைகள் கிடார் வாசித்தால் அதற்குப் பணம் எடுத்துக் கொடுப்பவர்கள் நாம்தான். ஃபேன்ஸி ஸ்டோர், எலெக்ட்ரிகல் கடை நடத்துவோர் இசைக் கருவிச் சாமான்களையும் சேர்த்து விற்பதுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘பலதரப்பட்ட தேவைக்கும் ஒத்துவரும் ஒரே சரக்கு எது?’ என்ற கேள்வி எல்லா வியாபாரத்துக்கும் பொதுவானது. அதற்கு இந்தச் சிறிய பாகம் நல்ல பாடம் சொல்கிறது.

பிக்கப் செய்யும் வேலை

காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே உள்ள எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அந்த அசைவு செப்புச் சுருளில் மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. நைலான் கம்பி போட்ட கிடாரில் இந்த வகைப் பிக்கப் ஏன் வேலை செய்யாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒரு கிடாரில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பிக்கப்புகள் இருக்கும். கழுத்துப் பக்கம் உள்ளது உருண்டு திரண்ட ஓசையைத் தரும். பிரிட்ஜ் பக்கம் கம்பியின் அசைவு குறைவு. ஆகவே அங்கே ஓசை கூர்மையாகவும் மெலிந்தும் இருக்கும். அதை ஈடுகட்டவே பிரிட்ஜ் பிக்கப்பில் சில சுற்றுகள் கூடுதலாகச் சுற்றுவது வழக்கம். ராக் இசைக்காரர்கள் அதிகம் நம்பியிருப்பது இந்தப் பிக்கப்பைத்தான்.

இரண்டு வகையும் பிறந்த கதை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் என்பவர் 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். நம்மைப் போல் ஒரு சிறு கடைக்காரர். அவருடைய நிறுவனத்திலிருந்து 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயரிலும், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற பெயரிலும் கிடார்கள் வந்தன. இவற்றில் இருந்தவை ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். தெளிவான, பளிச்சென்ற ஓசை. ஆனால் ஒரு குறை. மின்சாரக் கம்பி, டியூப் லைட், டிரான்ஸ்ஃபார்மர் எது பக்கத்தில் இருந்தாலும் அதன் இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கலமசூ நகரில் இருந்த கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் காந்த முனையையும் சுற்றையும் மற்றதற்கு எதிராக அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். கம்பியின் ஓசை மட்டும் கூடி வரும். இரைச்சலை அடக்குவதால் இதற்கு ஹம்பக்கர் என்று பெயர். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில், 1957 முதல், ‘காப்புரிமை கோரப்பட்டுள்ளது’ என்ற சிறு லேபிளோடு கிடார்களில் வந்தது. பின்னர் ஒட்டிய லேபிளில் ஓர் எண் இருந்தது. அது இந்தப் பிக்கப்பின் எண்ணே அல்ல. கம்பிகளைப் பூட்டும் வேறொரு பாகத்தின் காப்புரிமை எண். போட்டியாளர்களைத் திசைதிருப்பவே அப்படிச் செய்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பழைய லேபிள் பிக்கப்புகளுக்கு இன்று பெருவிலை. போலி லேபிளும் புழங்குகிறது. லேபிளை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கலாகாது என்பது எந்தச் சரக்குக்கும் பொருந்தும்.

1972இல் லாரி டிமார்ஸியோ, ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற பெயரில் பலம் கூடிய ஹம்பக்கர் ஒன்றை, பழையதைக் கழற்றிவிட்டுப் போடும் மாற்றுப் பாகமாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1976இல் சீமோர் டங்கன் நிறுவனம் தொடங்கியது. இப்படித்தான் பிக்கப் தனிச் சரக்காயிற்று.

சிக்கல் எங்கே?

ஞாயிறு காலை ஆலயத்தில் பாடகர் குழுவுக்குத் தெளிவாகத் துணை வாசிக்க வேண்டும். அன்று மாலையே கல்லூரி விழாவில் ராக் இசைக்கு முழங்க வேண்டும். இரண்டு கிடார் வாங்க வசதி இல்லை. இத்தகைய வாடிக்கையாளர் கடைக்கு வந்தால், ‘இருப்பதிலேயே பலமானது இதுதான்’ என்று எடுத்துக் கொடுப்பது எளிது. அவருக்கு அது நஷ்டத்தில் முடியும்.

காரணம் எளியது. குழம்பில் உப்புக் குறைந்தால் இலையில் போட்டுக்கொள்ளலாம். கூடிவிட்டால் எடுக்க முடியாது. பிக்கப்பின் பலமும் அப்படியே. மிதமான பிக்கப்பை வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஆம்ப்ளிஃபயரிலோ காலால் மிதிக்கும் பெடலிலோ முழக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மிகப் பலமான பிக்கப், அமைதியாக வாசிக்க நினைக்கும்போதும் ஆம்ப்ளிஃபயரைத் திணறடித்துக் கரகரக்க வைக்கும். சுற்று கூடக்கூட மேல்சுருதியின் தெளிவும் மங்கும்.

தேர்வு செய்யும் முறை

முதலாவது, பலம். விளம்பரங்களில் மின்தடையைக் கிலோ ஓம் கணக்கில் சொல்வார்கள். சீமோர் டங்கனின் ‘59’ மாடல் பிரிட்ஜ் பிக்கப் ஏறத்தாழ 8 கிலோ ஓம். ‘ஜேபி’ மாடல் ஏறத்தாழ 16. அதற்காக இரண்டாவது இரு மடங்கு பலம் என்று எண்ணிவிடக் கூடாது. கம்பி மெலிந்தாலே தடை ஏறிவிடும். கோணியின் பருமனைப் பார்த்து எடை சொல்வது போன்றதுதான் அந்தக் கணக்கு. ஒரே கேஜ் கம்பியும் ஒரே காந்தமும் உள்ளவற்றை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும். வழக்கமான 42 கேஜ் கம்பியில் 8 முதல் 9 கிலோ ஓம் வரை உள்ள ஹம்பக்கர், பலவித இசைக்கும் ஈடுகொடுக்கும் நடுத்தரச் சரக்கு.

இரண்டாவது, காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோவில் 2ஆம் எண் மென்மையானது. 5ஆம் எண் சற்றுப் பலமும் தெளிவும் கூடியது. செராமிக் காந்தம் இறுக்கமும் ஆவேசமும் உள்ள ஓசைக்கு ஏற்றது. இரு கரைக்கும் பாலம் வேண்டுவோருக்கு அல்னிகோ 5 பொருந்தும்.

மூன்றாவது, வயர். இரட்டைச் சுருளிலிருந்து நான்கு வயர்கள் வெளியே வரும் மாடலையே கேட்டு வாங்க வேண்டும். அப்போது ஒரு சிறு ஸ்விட்ச் வைத்து ஒரு சுருளை மட்டும் ஒலிக்கச் செய்து, ஒற்றைச் சுருளுக்கு நெருங்கிய ஓசையைப் பெறலாம். அச்சு அசலாக அதே ஓசை வராது. இரைச்சலும் திரும்பி வரும். இரண்டு சுருள்களையும் பேரலலாக இணைத்தால் பலம் குறைந்து தெளிவு கூடும், இரைச்சலும் இராது. ஆலயத்திலும் மேடையிலும் வாசிப்பவருக்கு இந்த இரண்டாவது வழி நல்லது. வயர்களின் நிறக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே பெட்டியில் உள்ள தாளைத் தொலைக்கக் கூடாது.

நான்காவது, வால்யூம் குமிழ். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். ஹம்பக்கருக்கு 250 போட்டால் ஓசை மந்தமாகும். பழி பிக்கப்பின் மேல் விழும்.

ஐந்தாவது, அளவு. கம்பிகளின் இடைவெளி கிடாருக்குக் கிடார் வேறுபடும். முதல் கம்பியிலிருந்து ஆறாவது வரை ஏறத்தாழ 50 மில்லிமீட்டருக்கு ஒன்றும் 53க்கு ஒன்றும் என இரு அளவுகளில் பிரிட்ஜ் பிக்கப் கிடைக்கிறது. அளந்து பார்த்து வாங்குவதே முறை. ஒற்றைச் சுருளுக்கு வெட்டிய குழியில் முழு அளவு ஹம்பக்கர் இறங்காது. அதற்கென்றே ஒடுக்கமான ஹம்பக்கர் தனியாக உண்டு.

செலவில்லாத வைத்தியம்

புதுப் பிக்கப் வாங்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. துருப்பிடித்த கம்பியை மாற்றுங்கள். பிக்கப்பின் இருபுற ஸ்குருவைத் திருகி, கம்பிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் வைத்துக் கேட்டுப் பாருங்கள். சற்று இறக்கினாலே கரகரப்பு அடங்குவதுண்டு. பழைய முறை ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழின் இணைப்பே இல்லை. காதைக் கிழிக்கிறது என்று குறை சொல்வோருக்கு ஒரு துண்டு வயரும் ஐந்து நிமிடப் பற்றவைப்பும் போதும். இதைச் சொன்னால் ஒரு விற்பனை போய்விடுமே என்று எண்ண வேண்டாம். உண்மை சொன்ன கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை.

கடைக்காரர்களுக்கு

இந்தச் சரக்கில் முதல் முடங்குவது எளிது. ஐந்து கம்பெனியின் அதிபல மாடல்களை அடுக்கி வைப்பதைவிட, நடுத்தர மாடல் ஒன்றை இரு அளவிலும் வைத்திருந்து, மற்றவற்றை ஆர்டர் பெற்று வரவழைப்பது பாதுகாப்பு. வாடிக்கையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்னென்ன இசை வாசிக்கிறீர்கள்? எந்த ஆம்ப்ளிஃபயர்? கழுத்துப் பக்கம் என்ன பிக்கப் இருக்கிறது? கழுத்துப் பிக்கப் மெலிந்தும் பிரிட்ஜ் பிக்கப் மிகப் பலமாகவும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதெல்லாம் சத்தம் தூக்கிப்போடும். வயரை வெட்டிப் பற்றவைத்த பிறகு திரும்ப எடுப்பதில்லை என்றால், அதைப் பில்லிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் வாக்குவாதம் வராது.

நம் கடையில் பண்டிகைக்கு மட்டும் போகும் சரக்கும் உண்டு, அன்றாடம் போகும் சரக்கும் உண்டு. கடையை நிறுத்தி வைப்பது பின்னதுதான். கிடாரிலும் அப்படியே. பத்து நிமிட ஆரவாரத்துக்கென்று வாங்கிய பிக்கப்பைவிட, எல்லாப் பாட்டுக்கும் ஈடுகொடுக்கும் மிதமான பிக்கப்தான் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கொடுத்த காசுக்கும் பெறும்.